அட்டெனுவேட்டர் போட்டால் சிக்னல் போய்விடுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பிஇ4302 மாட்யூலை (ரேடியோ சிக்னலின் பலத்தைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் சிப் உள்ளது) ஆர்டுயினோ ஊனோ மைக்ரோகன்ட்ரோலர் போர்டுடன் நேரடியாக இணைத்தேன். முதலில் வேலை செய்தது, இப்போது எந்த அளவு கொடுத்தாலும் மாறவில்லை.

பதில்: சிப் போயிருக்கும். அது 3 வோல்ட் சிப், ஊனோ தருவது 5 வோல்ட். மாட்யூலில் ரெகுலேட்டர் இருந்தாலும் அது சப்ளைக்கு மட்டும்தான். டேட்டா, கிளாக், லாட்ச் கம்பிகளை அது காப்பாற்றாது. 5 வோல்ட்டை 3 ஆக இறக்கும் லெவல் ஷிஃப்டர் போடுங்கள். டேட்டாஷீட்டைப் படித்துவிட்டு சால்டரிங் அயனை எடுங்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது?

கேள்வி: ரிலே வைத்து 1, 2, 4, 8, 16, 32 டெசிபல் அட்டெனுவேட்டர் படிகள் கட்டினேன். 28 மெகாஹெர்ட்ஸில் 32 டெசிபல் படி மட்டும் 25 அளவுதான் குறைக்கிறது.

பதில்: ரெசிஸ்டர்கள் மீது தப்பில்லை. சிக்னல் ரிலே கான்டாக்ட்டுகளின் வழியே கசிகிறது. ஒரு செக்‌ஷனில் 20 டெசிபலுக்கு மேல் கேட்காதீர்கள். 16 டெசிபல் செக்‌ஷன்கள் இரண்டு போடுங்கள். ஒவ்வொன்றும் 50 ஓமுக்கான பை (π) வடிவம்: கிரவுண்டுக்கு 68 ஓம் இரண்டு, நடுவில் 150 ஓம். இரண்டுக்கும் இடையே தகரத் தடுப்பு கட்டாயம்.

கேள்வி: மாலையில் 7 மெகாஹெர்ட்ஸ் கேட்கும்போது 10 டெசிபல் போட்டால் எஸ் மீட்டர் (சிக்னல் பலம் காட்டும் மீட்டர்) இறங்கிவிடுகிறது. சென்சிட்டிவிட்டி வீணாகிறதே, முன்னால் பிரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சுற்று) சேர்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இந்த மீட்டர் மோகத்தால்தான் நல்ல ரிசீவர்கள் கெட்ட பெயர் வாங்குகின்றன. மீட்டர் இறங்கியது சரி, இரைச்சலும் கூடவே இறங்கியதா என்று காதால் கேட்டீர்களா? கேட்க வேண்டியது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியை மட்டும்தான்.

கணக்கைப் பாருங்கள். குடியிருப்புப் பகுதியில் 7 மெகாஹெர்ட்ஸில் நல்ல டைபோல் ஆண்டெனா கொண்டுவரும் இரைச்சல், வெப்ப இரைச்சலைவிட ஏறக்குறைய 50 டெசிபல் அதிகம். உங்கள் ரிசீவரின் இரைச்சல் எண் (ரிசீவர் தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) 15 டெசிபல் என்று வையுங்கள். முன்னால் 10 போட்டால் 25 ஆகும். அப்போதும் இன்னும் 25 கையிருப்பு இருக்கிறது, அதனால் எந்த நிலையமும் காணாமல் போகாது.

லாபம் வேறு இடத்தில். நம் பகுதியில் 7.2-க்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள் இருக்கின்றன. மாலையில் அவை பலமாக வந்து ரிசீவரின் மிக்ஸரில் (அலைவரிசையை மாற்றும் சுற்று) ஒன்றோடொன்று கலக்கின்றன. 10 டெசிபல் குறைத்தால் உங்களுக்கு வேண்டிய சிக்னல் 10 குறையும், அந்தக் கலப்பில் பிறக்கும் போலி சிக்னல் (மூன்றாம் படிக் கலப்பு) 30 குறையும். நிகர லாபம் 20. பிரீஆம்ப் சேர்த்தால் இதே கணக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஆண்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால் உங்களிடம் சென்சிட்டிவிட்டி தேவைக்கு மேலேயே இருக்கிறது.

கேள்வி: என் ரிசீவருக்கு எத்தனை டெசிபல் அட்டெனுவேட்டர் வேண்டும்?

பதில்: எந்த பேண்ட், எந்த ஆண்டெனா, எந்த ரிசீவர்? மூன்றில் ஒன்றுகூட எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.

கேள்வி: மைக்ரோகன்ட்ரோலர் வைத்து ஏஜிசி (சிக்னல் பலத்துக்கேற்ப அளவைத் தானாகச் சரிசெய்வது) செய்தேன். அட்டெனுவேட்டர் மேலும் கீழும் ஆடி ஸ்பீக்கரில் டிக் டிக் என்கிறது.

பதில்: அரை டெசிபல் படியில் ஏஜிசி ஓட்டினால் அப்படித்தான். 2 அல்லது 3 டெசிபல் படி வையுங்கள். கூட்டும் எல்லைக்கும் குறைக்கும் எல்லைக்கும் இடையே படியைப் போல இரண்டு மடங்கு இடைவெளி இருக்கட்டும். அட்டெனுவேஷனைக் கூட்டுவது சில மில்லிசெகண்டில், விடுவது அரை செகண்ட் போல. 15.5-இலிருந்து 16-க்குப் போகும்போது சிப்பின் ஆறு கன்ட்ரோல் பிட்டும் ஒரே நேரத்தில் மாறும், அங்கேதான் பெரிய டிக் வரும். அந்தக் கணம் மட்டும் ஆடியோவை மியூட் செய்யுங்கள். அப்புறம், கன்ட்ரோல் கம்பிகளில் ஆர்சி ஃபில்டர் போடுங்கள், இல்லையென்றால் கிளாக்கின் இரைச்சல் ரிசீவருக்குள் வந்துவிடும்.

கேள்வி: அட்டெனுவேட்டரில் பின் (PIN) டயோடுக்குப் பதில் 1என்4007 ரெக்டிஃபையர் டயோடு போடலாமா?

பதில்: 7 மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் தாராளமாகப் போட்டுப் பார்க்கலாம். மீடியம் வேவில் ஜாக்கிரதை: அங்கே டயோடு ரெக்டிஃபையராக நடந்துகொண்டு கலப்பை உண்டாக்கலாம். அங்கே ரிலேதான்.

கேள்வி: எஃப்எம் டவர் பக்கத்தில் வீடு. ஆர்டிஎல்-எஸ்டிஆர் (கம்ப்யூட்டரில் செருகும் யுஎஸ்பி ரிசீவர்) எங்கே திருப்பினாலும் பாட்டு கேட்கிறது.

பதில்: 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் ஃபில்டர் வாங்குங்கள். 8 பிட் கருவி, அட்டெனுவேட்டர் மட்டும் போதாது.

கேள்வி: டிரான்ஸீவரின் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவி) ஆண்டெனா சாக்கெட்டில் அட்டெனுவேட்டர் சிப்பை மாட்டலாமா?

பதில்: கூடாது. 100 வாட் போனால் ஒரே அழுத்தில் கருகும். டிரான்ஸ்மிட்-ரிசீவ் ரிலேக்குப் பின்னால், ரிசீவர் பாதையில் மட்டும் போடுங்கள்.