மூன்று காரில் எது? பெயின்றைப் பார்க்காதீர்கள், தகட்டைத் தட்டுங்கள்

கேள்வி: வயது 33. கல்லடியில் இருக்கிறேன். பள்ளிக்கூடக் காலத்தில் இருந்தே பழைய இங்கிலீஸ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் ஆசை. இப்போது மூன்று கார் கண்ணில் பட்டிருக்கிறது. ஒன்று கொழும்பில், புதுச் சிவப்புப் பெயின்றோடு ஓடிக்கொண்டிருக்கும் 1968 ட்ரையம்ப் ஸ்பிற்பயர். மற்றது நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டக் கொட்டகையில் எட்டு வருடமாக ஓடாமல் நிற்கும் 1969 எம்.ஜி. மிஜெட். மூன்றிலும் அதுதான் விலை குறைவு. மூன்றாவது, டட்சன் எஞ்சின் ஏற்றிய 1960 ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற், தவளைக்கண் என்பார்களே, அது. கராஜ் வேலை எனக்குக் கொஞ்சம்தான் தெரியும். எதை எடுக்கலாம்? இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பாசிக்குடா போகலாமா என்று மனைவி கேட்கிறா.

பதில்: ஓடுகிற கார் இரண்டை விட்டுவிட்டு ஓடாத காரை முதலில் போய்ப் பாருங்கள், தம்பி. சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் இந்த வகைக் காரில் எஞ்சின்தான் மலிவான சாமான். காசைத் தின்பது தகடு.

மிஜெட்டின் 1275 சிசி எஞ்சின், மொறிஸ் மைனரின் எஞ்சினுக்கு அண்ணன் முறை. இரண்டும் ஏ சீரீஸ் என்ற ஒரே குடும்பம். நம் பக்கம் மொறிஸ் மைனரில் கைபழகிய பழைய பாஸ்மார் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மிஜெட்டைத் திறந்து காட்டினால் அவருக்கு அதில் புதிதாக ஒன்றும் இராது, காபரேற்றர் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும், அவ்வளவுதான். கஸ்கட், வால்வு, பெயாரிங், கிளச் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாக விற்கிறது. தகடும் விற்கிறதுதான். ஆனால் அதை வெட்டி, நேராகப் பிடித்து, ஒட்டுகிற கூலி தகட்டின் விலையைப் போலப் பல மடங்கு.

மிஜெட்டுக்கும் ஸ்பிரைற்றுக்கும் தனிச் சசி (அடிச்சட்டம்) கிடையாது. உடல்தான் எலும்பு. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகட்டை 'சில்' என்பார்கள் (நம் சில்லு அல்ல). கூரை இல்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பது அந்த இரண்டு பெட்டிகளும் நடுத் தரையும்தான். அது உள்ளே உக்கினால் கார் நடுவில் தொய்யும். வெளியே பட்டி வைத்து, பெயின்ற் அடித்து, கண்ணாடிபோல மினுக்கி வைக்கலாம். வாங்குபவனுக்குத் தெரியாது.

தெரிய வைக்கும் வழி இது. கதவை மூடி, அதன் பின்பக்க இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தால் கார் ஏற்கெனவே தொய்ந்துவிட்டது. பிறகு பிரிட்ஜில் ஒட்டும் சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பெட்டித் தகட்டின் அடி விளிம்பு, முன் கதவுத் தூணின் அடி, பின் சில்லு வளைவு மூன்றிலும் மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள். இரும்பில் பிடித்துக்கொண்டு வரும் காந்தம், பட்டி உள்ள இடத்தில் கையை விட்டு வழுக்கி விழும். அடுத்து சீற்றுக்குப் பின்னால் உள்ள காப்பெற்றைத் தூக்கி, பின் ஸ்பிரிங்கின் முன்முனை தரையில் பிடித்திருக்கும் இடத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். கடைசியாக, சொந்தக்காரரின் சம்மதத்தோடு அந்த இடத்தின் அடியில் பலகைத் துண்டு வைத்து ட்ரொலி ஜாக்கால் பின் சில்லை நிலத்தை விட்டு எழுப்புங்கள். கதவைத் திறந்து மூடுங்கள். முன்பு போலவே மூடினால் எலும்பு நல்லது. கதவு இறுகினால் விலை பாதி. ஜாக் தூக்கும்போது தகடு 'கரகர' என்று உள்வாங்கினால் நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.

மலைநாட்டு ஈரத்திலும் இரும்பு உக்கும். ஆனால் அங்கே உப்பு இல்லை. கடலும் வாவியும் இரண்டு பக்கமும் உள்ள கல்லடியில் இருப்பவருக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இந்தச் சோதனையில் மிஜெட் தேறினால் அடுத்தது இலக்கம். 1969 மிஜெட்டின் சசி இலக்கம் ஜிஏஎன்4 என்று தொடங்கும், ஆண்டுக் கடைசிக் கார் என்றால் ஜிஏஎன்5. எஞ்சின் இலக்கம் டைனமோவுக்கு மேலே பிளொக்கில் தறைத்த சிறு தகட்டில் இருக்கும். 12சி என்று தொடங்கினால் சரி. 10 என்று தொடங்கினால் யாரோ 1098 சிசி எஞ்சினை ஏற்றியிருக்கிறார்கள், 9 என்றால் 948. இரண்டு இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். புத்தகத்தில் உள்ள பெயர்காரர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்து வைப்பார்களா, வருமான அனுமதிப்பத்திரம் கடைசியாக எந்த ஆண்டு எடுத்தது, நின்ற காலத்துக்கு ஓடவில்லை என்று அறிவித்தார்களா, நிலுவை இருந்தால் யார் தலையில் என்பதையெல்லாம் காசு கை மாறுமுன் கேட்டு எழுதி வாங்குங்கள். திகதி போடாமல் கையெழுத்து மட்டும் வைத்த மாற்றப் பத்திரத்தை 'ஓப்பின் பேப்பர்' என்று நீட்டுவார்கள். தோட்டத்துரையிடம் வாங்கியவர், அவரிடம் வாங்கியவர் என்று மூன்று கை மாறிய காருக்கு அது போதாது. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல் திறந்ததென்றாலும் ஐம்பது வயதுக் காருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. ஆகவே உள்நாட்டுப் புத்தகம் உள்ள கார் மட்டும்தான் கார். புத்தகம் இல்லாதது உதிரிப்பாகம்.

இனி எட்டு வருடம் தூங்கியதை எழுப்புவது. விற்பவர் பற்றரியைக் கொண்டுவந்து, 'இப்பவே ஸ்ராட் பண்ணிக் காட்டுறன்' என்பார். விடாதீர்கள். சிலிண்டர் சுவரில் துருப் பிடித்திருந்தால் அந்த முதல் சுழற்சியிலேயே றிங் உடையும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு ஒரு நாள் விட வேண்டும். பிளக் வெளியே இருக்கும்போதே நாலாம் கியரில் போட்டுக் காரை மெல்லத் தள்ளுங்கள். எஞ்சின் சுற்றினால் பாதி வெற்றி. இறுகியிருந்தால் பலவந்தம் வேண்டாம், விலையைக் குறைத்துப் பேசுங்கள். அப்படி இறுகிய எஞ்சினும் ஹெட்டைக் கழற்றினால் பெரும்பாலும் மீளும்.

தாங்கியில் உள்ள பழைய பெற்றோல் வார்னிஷ் மணக்கும். முழுதாக இறக்கி, தாங்கியைக் கழற்றிக் கழுவுங்கள். பெற்றோல் பம்ப் பின்னால், மின்சாரத்தில் இயங்குவது. சாவி போட்டதும் 'டிக் டிக்' என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் நிற்க வேண்டும். அடிக்கவே இல்லையென்றால் உள்ளே பொயின்ற் கறுத்திருக்கும். நிற்காமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது காற்றை இழுக்கிறது. புது எஞ்சின் ஒயில் 20டபிள்யூ50, ஏறத்தாழ 3.7 லீற்றர். கியர் பெட்டிக்கும் அதே எஞ்சின் ஒயில்தான், அக்சிலுக்கு மட்டும் ஈபி90 என்ற கியர் ஒயில். கராஜில் பழக்கதோசத்தில் கியர் பெட்டிக்கும் ஈபி90 ஊற்றிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) அளக்கும்போது நான்கு சிலிண்டருக்கும் இடையே பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கமாக இரண்டு சேர்ந்து குறைந்தால் ஹெட் கஸ்கட். ஹெட்டைக் கழற்றினால் வால்வு இருக்கைகளுக்கு நடுவே வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், 1275க்கு அது பிறவிக் குணம். அதே கையோடு வெளியேற்று வால்வுகளுக்குக் கடின இருக்கை அடித்துவிடலாம். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றது. பழைய வார்ப்பிரும்பு இருக்கை ஈயம் இல்லாமல் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். டப்பற் இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.30 மிமீ. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அது குறைந்துகொண்டே போனால் இருக்கை இறங்குகிறது என்று பொருள். எஞ்சினின் பின்னால் சொட்டும் ஒயிலுக்குப் பயப்படவேண்டாம். அங்கே ரப்பர் சீல் கிடையாது, கிராங்கில் (எஞ்சினின் சுழல்தண்டு) வெட்டிய திருகுவரி ஒன்றுதான் ஒயிலை உள்ளே திருப்பிவிடுகிறது. நின்ற இடத்தில் நாலு சொட்டு இயல்பு. குட்டையாகத் தேங்கினால் எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கும்.

பிறேக்கில் மட்டும் சிக்கனம் வேண்டாம். இந்தக் காரில் பிறேக் குழாய் ஒற்றைச் சுற்று. ஒரு சில்லில் ஒழுகினால் நாலு சில்லிலும் பிறேக் இல்லை. மாஸ்ரர் சிலிண்டர், சில்லுச் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் மூன்று வகையும் புதிதாகவே போடுங்கள். அதனால்தான் காரை ஓட்டிக்கொண்டு வர எண்ணவே கூடாது. நுவரெலியாவில் இருந்து வெலிமடை, பதுளை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடி வரை ஒரே ஏ5 வீதிதான், பார்க்க ஆசையாக இருக்கும். அந்த இறக்கங்களை எட்டு வருடப் பழைய ரப்பரை நம்பி இறங்குவதா? லொறியில் ஏற்றுங்கள்.

மற்ற இரண்டையும் ஒதுக்கித் தள்ளவில்லை. ஸ்பிற்பயருக்குத் தனிச் சசி உண்டு, முன்மூடி மொத்தமாக முன்னுக்குக் கவிழும். டயரில் குந்தியிருந்தே எஞ்சின் வேலை செய்யலாம். கிளச் மாற்ற மிஜெட்டில் எஞ்சினையே வெளியே இழுக்க வேண்டும், ஸ்பிற்பயரில் கியர் பெட்டி காருக்குள்ளாலேயே வரும். முன்சில்லுப் பாகங்களில் பல ட்ரையம்ப் ஹெரல்ட் காரோடு ஒன்று. மதராசில் செய்த ஸ்ராண்டட் ஹெரல்டும் அதே இனம்தான். ஆனால் அதற்கும் பெட்டித் தகடு உடலைத் தாங்குகிற உறுப்பு. பெயின்றுக்கு முன் எடுத்த படம் கேளுங்கள். படம் இல்லையென்றால் காந்தம். பிறகு ஒருவர் கிளச்சை மிதிக்க, நீங்கள் எஞ்சின் முன்னால் உள்ள பெல்ற் கப்பியைப் பாருங்கள். இருக்கவேண்டிய அசைவு 0.1 முதல் 0.2 மிமீ வரை, கண்ணுக்குத் தெரியாது. கப்பி முன்பின் நகர்வது கண்ணில் பட்டால் கிராங்கின் அரைநிலா வாஷர் தேய்ந்துவிட்டது. அது சம்பில் (அடி ஒயில் தொட்டி) விழுந்த நாளில் கிராங் பிளொக்கையே அரைக்கும். முன்சில்லின் கீழ்த் திருகுமுனைக்குக் கிறீஸ் அடித்தார்களா, ஈபி90 விட்டார்களா என்றும் கேளுங்கள். கிறீஸ் என்றால் உள்ளே காய்ந்து, ஒருநாள் வளைவில் அச்சாணி முறிந்து சில்லு படுத்துவிடும். வளைவின் நடுவில் அக்சிலேற்றரைத் திடீரென்று விட்டால் இந்தக் காரின் பின்சில்லு உள்ளே மடங்கும், அதையும் தெரிந்துகொண்டு ஓட்டுங்கள்.

தவளைக்கண் அழகு. மூன்றிலும் அழகு அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் பின் ஸ்பிரிங் கால்வட்டமாகத் தரைக்குள் சொருகியது. சொருகும் பெட்டி உக்கினால் பின்பக்கம் முழுவதும் போய்விடும். டட்சன் எஞ்சின் ஓட்டத்துக்குக் குறைவில்லை, சாமானும் சுலபம். புத்தகத்தில் எஞ்சின் மாற்றம் பதிந்திருக்கிறதா, கியர் பெட்டிக்காக நடுச் சுரங்கத்தை வெட்டிய இடத்தைத் திரும்ப ஒட்டினார்களா என்பதுதான் கேள்வி. இரண்டிலும் 'இல்லை' வந்தால் தொடாதீர்கள்.

விலை பேசும்போது கையில் உள்ள காசில் மூன்றில் ஒரு பங்கை வேறாக எடுத்து வையுங்கள். உக்கலை வெட்ட வேண்டி வந்தால், வெட்டுமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே கோண இரும்பைப் பற்றவைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இல்லையேல் வாசல் சுருங்கி, கதவு இனி எந்தக் காலத்திலும் பொருந்தாது. சாவிப்பெட்டியும் (ஸ்பனர் செற்) புதிதாக வாங்க வேண்டிவரும், இது அங்குல நட்டு. அரை அங்குல நட்டில் 13 மிமீ சொக்கற் ஆடும், ஆடினால் மூலை மழுங்கும்.

கச்சான் காற்று மாதங்களில் ரேடியேற்றர் அடைப்பு வெளிவரும். கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். தேமோஸ்ரற்றைப் பிடுங்கி எறிவது வைத்தியமல்ல. மின்விசிறி பூட்டவும் அவசரப்படாதீர்கள். 1969 காரில் மின்சாரம் தருவது டைனமோ, அதன் உச்சம் 22 அம்பியர், கார் நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது ஏறத்தாழ ஒன்றுமில்லை. மாரியில் பொலித்தீன் மூடாதீர்கள், உள்ளே வியர்த்துக் கூரைத் துணியும் தரையும் சேர்ந்து பழுதாகும். நான்கு பக்கமும் காற்றுப் போகும் கொட்டகை போதும், மணல் தரை என்றால் பொலித்தீனை விரிக்கவேண்டிய இடம் காருக்குக் கீழே. அடித்தகட்டுக்குக் கழிவு ஒயில் விசிறுகிற வழக்கம் ரப்பர் புஷ்களைக் கரைக்கும், மெழுகு வகைதான் சரி. கழுவுகிற கிணற்றுத் தண்ணீர் உவர் இல்லையென்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவியின் கேள்விக்கு: சீற்றுக்குப் பின்னால் தட்டுப்போல ஒரு இடம் உண்டு, பிள்ளைகள் குந்தலாம் போலத்தான் தெரியும். சீற் பெல்ற் பூட்ட இடமில்லை, தலைக்குப் பின்னால் தடுப்பும் இல்லை. பையை வையுங்கள். பாசிக்குடாவுக்கு வீட்டில் ஏற்கெனவே நிற்கும் காரே போகட்டும். மிஜெட்டில் ஒரு தடவைக்கு ஒரு பிள்ளை, முன் சீற்றில் பெல்ற்றோடு உட்காரும் வயது வந்தபிறகு.