நகரத்தின் பொது வீட்டுவசதி ஆணையத்துக்குப் ‘பொறுப்புக்கூறல்’ என்றால் என்ன?

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வாடகைக்கு வீடு தரும் அரசு அமைப்பு, தன் வேலைக்கு வெளியாரிடம் கணக்குச் சொல்வதே பொறுப்புக்கூறல். வரவு செலவு மட்டுமல்ல, ஒழுகும் குழாய் எத்தனை நாளில் சரியானது என்பதும் கணக்குத்தான்.

ஏன் வெளியாரிடம்? தனியார் வீடு சரியில்லை என்றால் வேறு வீடு பார்க்கலாம். இங்கே குடியிருப்போருக்குப் பெரும்பாலும் அந்த வழி கிடையாது. ஆணையம் தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, தேர்வு எழுதிய மாணவனே விடைத்தாளைத் திருத்துவது போன்றது.

1934-இல் தொடங்கிய நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையத்தைப் பாருங்கள். ஈயம் கலந்த பெயின்ட் குறித்த சோதனைகளைச் செய்யாமலே, விதிகளைப் பின்பற்றியதாக அது சான்றளித்தது என 2018-இல் மத்திய அரசு வழக்கறிஞர்கள் குற்றம்சாட்டினர். ஆய்வாளர் வரும் நேரத்தில் கசிவு தெரியாமலிருக்கத் தண்ணீரையே நிறுத்தினார்களாம்! (குழாயைப் பழுதுபார்ப்பதைவிட அது சுலபம்தானே.) 2019-இல் ஆணையத்துக்கும் மத்திய அரசுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டு, வெளிக் கண்காணிப்பாளர் வந்தார்.

அதன் பிறகும் 2024-இல், அங்கு முன்பு பணியாற்றியவர்களும் அப்போது பணியில் இருந்தவர்களுமாக 70 பேர்மீது லஞ்ச வழக்குப் பாய்ந்தது. சிறு பழுதுபார்ப்பு வேலைகளைப் போட்டி டெண்டர் இல்லாமலே கொடுக்கலாம் என்ற விதிதான் வழிவிட்டது. என் பார்வையில், பெரிய திட்டங்களைவிட இத்தகைய சில்லறை வேலைகளில்தான் கண் வேண்டும்.

கண்காணிப்பாளர் வந்துவிட்டால் நிர்வாகமே கைமாறிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஆணையத்தை நடத்துவதும் குழாயைச் சரிசெய்வதும் அதன் அதிகாரிகளின் வேலையாகவே இருக்கிறது.