ஏற்காடு ஏறப் புது பிராண்டு மின்சார ஸ்கூட்டருக்கு மாறலாமா?

சேலத்திலிருந்து வாரம் இரண்டு முறை மனைவியோடு ஏற்காடு போவதாகச் சொல்லி, புதிதாக வந்த பிராண்டுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு சார்ஜுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற விளம்பரக் கணக்கை விடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற்றம். வண்டியும் இருவரும் சேர்ந்து 260 கிலோ என்றால், உயரம் ஏற மட்டுமே சுமார் 0.85 யூனிட் போய்விடும். 3 யூனிட் பேட்டரியில் அது கால் பங்குக்கு மேல். மோட்டாரும் சூடாகும். அதனால் இரண்டு பேராக மலையேற்றி ஓட்டிப் பார்க்க ஷோரூமில் கேளுங்கள். மறுத்தால் வேண்டாம்.

மேலே போய் முழு சார்ஜ் போடாதீர்கள். இறங்கும்போது பிரேக்கில் திரும்பும் மின்சாரத்துக்கு பேட்டரியில் இடம் வேண்டும்.

அப்புறம் சர்வீஸ். என் பழைய வண்டி மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரே ஒரு கன்ட்ரோலருக்காக ஐந்து வாரம் சும்மா நின்றது. உதிரி பாகம் சேலத்திலேயே இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் இப்போதைக்கு மாறாதீர்கள்.