லினக்ஸ் லேப்டாப்பில் சீரியல் போர்ட் ஏன் திறக்க மறுக்கிறது?

கேள்வி இது: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நெல் ஆலை. எடைமேடைக் கருவியை யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியே உபுண்டு லேப்டாப்பில் இணைத்தால் ‘பெர்மிஷன் டினைடு’ வருகிறது. சூடோ (நிர்வாகி உரிமையோடு இயக்கும் கட்டளை) போட்டுத் திறந்தால் குப்பை எழுத்துகள்.

தகவலை பிட் பிட்டாக, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் அனுப்பும் வாசல்தான் சீரியல் போர்ட். பிசான நடவில் வரப்பிலிருந்து நாற்றுமுடி எறிவது போல. எறிபவர் வேகத்துக்குப் பிடிப்பவர் ஈடுகொடுக்காவிட்டால் முடி சேற்றில்தான் விழும். குப்பை எழுத்து வருவது பெரும்பாலும் இதனால்தான். கருவியில் வேகம் (பாட் ரேட்) 9600 என்றிருந்தால் லேப்டாப்பிலும் 9600 வையுங்கள். பாரிட்டியும் (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்) ஒத்துப்போக வேண்டும்.

அனுமதிச் சிக்கல் வேறு. அந்த போர்ட்டை ரூட்டும் (முழு உரிமையுள்ள நிர்வாகி) ‘டயல்அவுட்’ என்ற பயனர் குழுவினரும்தான் திறக்க முடியும். யூசர்மாட் கட்டளையால் உங்கள் பயனர் பெயரை அந்தக் குழுவில் சேருங்கள். கட்டளையில் சிறிய ‘ஏ’, பெரிய ‘ஜி’ (-aG) இரண்டும் வேண்டும்; ‘ஏ’ விட்டுப்போனால் சூடோ குழு உட்பட மற்ற குழுக்களிலிருந்து உங்களை நீக்கிவிடும் (பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்). பிறகு லாக்அவுட் செய்து திரும்ப நுழையுங்கள்.

உபுண்டு 22.04-இல் சிஎச்340 சிப் கன்வெர்ட்டர் செருகியதும் போர்ட் தோன்றி மறைந்தால், பிரெய்ல் திரைக்கான ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற நிரல் அதைப் பிடித்துக்கொள்கிறது; தேவையில்லையென்றால் நீக்குங்கள்.

இன்னும் சந்தேகமா? கருவியைக் கழற்றி, கன்வெர்ட்டரின் 9 பின் முனையில் 2, 3-ஆம் பின்களை இணைத்து, போர்ட்டைத் திறந்த நிரலில் தட்டச்சு செய்யுங்கள். எழுத்து திரும்பி வந்தால் கன்வெர்ட்டர் நலம்.

‘டிரைவர் இல்லை’ என்று சிடி தேடுபவர்கள் உண்டு. வழக்கமான சிப்களுக்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது.