வாடகை வீடா, சொந்த வீடா? பத்திர எழுத்தரின் பதில்கள்

தருமபுரியில் 20 வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். இந்த வாரம் கேட்டவர்களுக்கு என் பதில்.

சார், தருமபுரியில் 8,000 ரூபாய் வாடகை. வீணாகப் போகிறது என்று மாமனார் தினமும் சொல்கிறார். 25 லட்சம் கடனில் வீடு வாங்கிவிடலாமா?

மாமனார் சொல்வதில் பாதிதான் சரி. 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 21,700. முதல் தவணையில் 17,700 வட்டிக்கே போய்விடும். அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை! முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் தனி. மூன்று வருடத்தில் மாற்றலாகி வீட்டை விற்றால் அந்தப் பணம் போனது போனதுதான். வாடகைக்கும் தவணைக்கும் மாதம் 13,700 வித்தியாசம். அதை ஒழுங்காகச் சேர்ப்பீர்கள் என்றால் அவசரம் வேண்டாம். கையில் காசு தங்காது என்றால் வாங்குங்கள், கடன்தான் உங்களுக்கு உண்டியல்.

அண்ணா, ஓசூரில் கம்பெனி வேலை. பென்னாகரத்தில் அப்பா பெயரில் மனை இருக்கிறது. அங்கே கட்டட்டுமா?

யார் குடியிருக்கப் போகிறார்கள் தம்பி? பூட்டிய வீட்டுக்குக் கரையான்தான் குடித்தனக்காரன். கட்டியே தீருவேன் என்றால் அப்பா உங்கள் பெயருக்கு எழுதித்தரும் தான செட்டில்மெண்டோ, குடும்பத்துக்குள் பங்கு பிரிக்கும் பாகப்பிரிவினையோ முதலில் முடியட்டும். இல்லாவிட்டால் உங்கள் காசில் எழும்பும் சுவருக்கு நாளைக்கு எல்லோரும் பங்கு கேட்பார்கள்.

கிருஷ்ணகிரியில் 4 லட்சம் போகியத்துக்கு வீடு வருகிறது. போகலாமா?

போகலாம். மொத்தப் பணம் கொடுத்து, வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்குவதுதானே போகியம். முதலில் வில்லங்கச் சான்று எடுத்து, வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். போகியப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். வெறும் பத்திரத்தாளில் கையெழுத்து வாங்கிப் பணம் கொடுக்காதீர்கள்.

பாலக்கோடு பக்கம் ஒரு வீடு பிடித்திருக்கிறது ஐயா. பத்திரம், பட்டா எல்லாம் சரி. வேறு என்ன பார்க்க வேண்டும்?

தண்ணீர் பாருங்கள் அம்மா. போரில் தண்ணீர் கொட்டுகிறது என்று தரகர் காட்டுவார், அதில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று சொல்ல மாட்டார். நம் மாவட்டத்தின் பழைய வியாதி இது. அந்தத் தெருப் பிள்ளைகளிடம் சும்மா பேச்சுக் கொடுங்கள், சிரிக்கும்போது பல்லில் பழுப்புத் திட்டு தெரிகிறதா என்று கவனியுங்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். ஒரு பாட்டில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அது குடிக்க ஆகாது. அப்புறம், ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். நானாக இருந்தால் அதே தெருவில் ஒரு கோடைக்கு வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸே கொடுப்பேன்.