சித்திக்கு அடைப்புக்குறி எதற்கு?

கேள்வி: வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்தவள் நான். இப்போது பத்து வயதுப் பிள்ளைகளுக்காகக் கதை எழுதிப் பார்க்கிறேன். இரண்டு பக்கம் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். படித்தால் பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?
– ஒரு வாசகி

பதில்: இரண்டு பக்கத்தையும் படித்தேன். மூன்றாவது வரியிலேயே உங்கள் சிறுமி தன் வீட்டு வழக்கங்களை விளக்க ஆரம்பித்துவிடுகிறாள். யாருக்கு? அந்த வீட்டிலேயே வளர்ந்தவள் அதையெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்க மாட்டாளே.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஒன்பது வயதில் அம்மாவோடு டாக்டரிடம் போவேன். அவர் சொல்வதை அம்மாவுக்கும், அம்மா சொல்வதை அவருக்கும் மாற்றிச் சொல்வது என் வேலை. ஒருநாள் அம்மா, "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது" என்றார். படபடவுக்கு எனக்கு ஆங்கிலம் வரவில்லை. டாக்டரின் மேசைமேல் விரல்களால் வேகமாகத் தட்டிக் காட்டினேன். அவர் உடனே ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். வீட்டுக்குப் பள்ளியை விளக்கி, பள்ளிக்கு வீட்டை விளக்கியே பழகிய பிள்ளை, பெரியவளாகி எழுத உட்கார்ந்தாலும் கை அதே வேலையைத்தான் செய்யும்.

ஆங்கிலத்தில் நான் எழுதிய முதல் கதையில் 'சித்தி' வந்த இடத்தில் எல்லாம் அடைப்புக்குறி போட்டு, அம்மாவின் தங்கை என்று எழுதியிருந்தேன். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் அங்கே ஒரே சொல்தானே, வாசிக்கும் பிள்ளை குழம்பிவிடுமே என்ற பயம். கதையை வாசித்த ஒரு சிறுமி, "சித்தின்னா யாருன்னு எனக்குத் தெரியுமே, எதுக்கு இது?" என்று கேட்டாள். அவளை மாதிரி ஒருத்தி வாசிப்பாள் என்பதே என் நினைப்பில் இல்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், புத்தகத்தை ஜன்னலாகவும், தள்ளித் திறக்கும் கண்ணாடிக் கதவாகவும், முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் சொன்னார். நீங்கள் ஜன்னல் மட்டுமே செய்துகொண்டிருக்கிறீர்கள். உங்களை மாதிரி வளரும் பிள்ளைக்கு முகம் பார்க்கவும் ஒன்று வேண்டும். கண்ணாடி முன்னால் நிற்பவளிடம் போய் 'இது மூக்கு' என்று யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் மற்றப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்? வாக்கியமே பார்த்துக்கொள்ளும். "சித்தி வந்தால் அம்மா அக்காவாகிவிடுவாள், இரண்டு பேரும் சேர்ந்து படுத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார்கள்." உறவு புரிந்துவிட்டது, அந்த வீடும் தெரிந்துவிட்டது.

உங்கள் இரண்டாம் பக்கத்தில், ஆசிரியர் சிறுமியின் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டதும் அவள் திருத்தாமல் 'உள்ளேன்' என்கிறாளே, அது அருமையான இடம். அடுத்த பத்தியில் அதற்கு விளக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கதை முடிவதற்குள் என் சிறுமி இரண்டு பண்பாட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டுமா?
– அதே வாசகி

பதில்: வேண்டாம். பெற்றோரின் வேலை காரணமாக வேறு நாட்டில் வளரும் பிள்ளைகளை 1950-களில் கவனித்த ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்க ஆய்வாளர், அவர்களை 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்றார். உங்கள் சிறுமியின் நிலைமை அதேதான் என்று சொல்லவில்லை. ஆனால் அவளும் இரண்டுக்கும் நடுவில் தனக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். தம்பியோடு சண்டையை ஆங்கிலத்தில் தொடங்குவாள், அழுகை வந்ததும் தமிழுக்கு வந்துவிடுவாள். அந்தச் சண்டையை எழுதி அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.