மகள் பிராசிக்யூட்டர் ஆபீஸுக்குப் போகட்டுமா?

கேள்வி: என் மகள் ரட்கர்ஸில் மூன்றாம் ஆண்டு சைக்காலஜி படிக்கிறாள். டாக்டருக்குப் படிப்பாள் என்றிருந்தோம். இப்போது சட்டம்தான் என்கிறாள். இந்தக் கோடையில் கவுன்டி பிராசிக்யூட்டர் (அரசுத் தரப்பு வக்கீல்) ஆபீஸில், அதுவும் பாலியல் குற்ற வழக்குகளைப் பார்க்கும் பிரிவில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. தினமும் இதையே கேட்டால் பிள்ளையின் மனசு என்னாகும்? நாளைக்கு ஜெயிலுக்குப் போனவன் தேடி வந்தால்? அவள் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன செய்யட்டும்?
– நியூ ஜெர்சி எடிசனிலிருந்து ஒரு தந்தை

சார், இன்டர்னாகப் போகும் பிள்ளையை யாரும் சாட்சிக் கூண்டின் முன்னால் நிறுத்தப் போவதில்லை. கேஸ் ஃபைல் படிப்பாள், பதிவான பேச்சை எழுத்துப் பிரதியோடு ஒப்பிடுவாள், சட்டக் குறிப்பு எழுதுவாள், சீனியர் பின்னால் கோர்ட்டுக்குப் போய் உட்காருவாள். உங்கள் பயம் டிவி பார்த்து வந்த பயம். டிவியில் எல்லா வழக்கும் ஜூரி முன்னால் கத்திப் பேசி முடியும். நிஜத்தில் மாநில நீதிமன்றங்களில் குற்றவாளி என்று தீர்ப்பாகும் வழக்குகளில் 94 விழுக்காடு, குற்றத்தை ஒப்புக்கொண்டே முடிபவை. 2012-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் சொன்ன கணக்கு இது. பாலியல் வழக்குகளும் பெரும்பாலும் அந்த வழியில்தான் முடிகின்றன.

அதற்குக் காரணம் உண்டு. குழந்தை சம்பந்தப்பட்ட வழக்கில் பெரும்பாலும் வேறு சாட்சியே இருக்காது. ஜூரியில் உட்காரும் பன்னிரண்டு பேர் முன்னால் அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டும் என்றால் பெற்றோர் பின்வாங்குவார்கள். எதிர்த்தரப்புக்கோ தோற்றால் எத்தனை வருஷம் என்ற பயம். நியூ ஜெர்சியில் 2014-ல் வந்த லன்ஸ்ஃபோர்ட் சட்டப்படி, 13 வயதுக்கு உட்பட்ட குழந்தைமீது மிகக் கடுமையான பாலியல் வன்கொடுமை என்று தீர்ப்பானால் 25 வருஷம் முதல் ஆயுள் வரை. அந்த 25 வருஷமும் பரோல் கிடையாது. அரசுத் தரப்பு பேசி முடித்தால் 15 வரை இறங்கலாம், அதற்குக் கீழே முடியாது. இந்தப் பத்து வருஷ இடைவெளியில்தான் பேரம் நடக்கிறது. குழந்தையைச் சாட்சி சொல்ல வைக்காமல் எவ்வளவு தண்டனை வாங்க முடியும் என்பதுதான் உங்கள் மகள் மேஜைக்கு வரப்போகும் கேள்வி. நடிப்புத் திறமை இதற்கு வேண்டாம். பொறுமையாகப் படிக்கவும், பாதிக்கப்பட்டவர் வீட்டாரிடம் மெதுவாகப் பேசவும் தெரிந்தால் போதும். சைக்காலஜி படித்த பிள்ளைக்கு அது கைகொடுக்கும்.

ஒப்புக்கொள்ளும் நாளில் கோர்ட்டில் நடப்பதை அவள் நேரில் பார்ப்பாள். குற்றம் சாட்டப்பட்டவர் கையில் ஒரு படிவம். பாலியல் குற்றங்களுக்கு அதோடு தனி இணைப்புப் படிவமும் உண்டு. உள்ளூர் போலீஸில் பதிவு செய்ய வேண்டும், தெரியுமா? வெளியே வந்த பிறகும் வாழ்நாள் பரோல் கண்காணிப்பு உண்டு, தெரியுமா? தண்டனை முடிந்தாலும் ஆபத்தானவர் என்று கண்டால் சிவில் முறையில் அடைத்துவைக்க முடியும், தெரியுமா? குடியுரிமை இல்லாவிட்டால் நாடு கடத்தப்படலாம், தெரியுமா? ஒவ்வொன்றும் புரிந்துதான் கையெழுத்துப் போட்டாரா என்று நீதிபதி பார்ப்பார். அதற்கப்புறம் என்ன செய்தார் என்பதை அவர் தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் தடுமாறினால் டீல் அங்கேயே நின்றுபோகும். சின்னக் குரலில் சொல்லும் அந்த நாலு வாக்கியத்துக்காக மாதக் கணக்கில் உழைத்திருப்பார்கள்.

தண்டனை அன்றைக்கே கிடைத்துவிடாது. புரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) ஊழியர்கள் விசாரித்து அறிக்கை எழுதுவார்கள். சில குற்றங்களுக்கு அவனெல் என்ற ஊரில் உள்ள மையத்தில் மனநல மதிப்பீடும் நடக்கும்: இந்த ஆள் திரும்பத் திரும்ப, கட்டுப்படுத்த முடியாமல் செய்கிறவரா என்று. பிறகுதான் நீதிபதி எண்ணைச் சொல்வார். முதல் நிலைக் குற்றத்துக்கு வழக்கமான வரம்பு 10 முதல் 20 வருஷம். தண்டனையைக் கூட்டும் காரணங்களும் குறைக்கும் காரணங்களும் சட்டத்திலேயே பட்டியலாக இருக்கின்றன. குற்றம் செய்தபோது 26 வயதுக்குக் கீழ் என்பது, குறைக்கும் காரணங்களில் 2020-ல் சேர்ந்த ஒன்று. பாதிக்கப்பட்டவர் எழுந்து பேசலாம். பத்து வருஷம் என்று தீர்ப்பானால், இப்படிப்பட்ட குற்றங்களுக்கு 85 விழுக்காடு, அதாவது எட்டரை வருஷம் கழியாமல் பரோல் பேச்சே இல்லை. வெளியே வந்தபின் மேகன் சட்டம்: போலீஸில் பதிவு செய்யச் சொல்வது அதுதான். 1994-ல் இதே நியூ ஜெர்சியில், ஹாமில்டனில், 7 வயது மேகன் கான்கா கொல்லப்பட்ட பிறகு வந்த சட்டம் அது.

தேடி வருவான் என்ற பயத்துக்கு வருகிறேன். 2020-ல் இந்த மாநிலத்திலேயே ஒரு ஃபெடரல் நீதிபதியின் வீட்டு வாசலில் அவர் மகன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதனால் ஒன்றுமே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்த டேனியல் சட்டம் நீதிபதிகள், பிராசிக்யூட்டர்கள், போலீஸார் வீட்டு முகவரிகளை வெளியிடவிடாமல் காக்கிறது. கோடை இன்டர்ன் பெயர் எவன் காதுக்கும் போகாது.

மனசு பற்றிய கவலை நியாயமானது. கேட்டதை வீட்டுக்குச் சுமந்து வருவது இந்த வேலையில் நிஜமான ஆபத்துதான். கேஸ் விவரத்தை அவள் உங்களிடம் சொல்லக் கூடாது, நீங்களும் கேட்காதீர்கள். ஆனால் தூக்கம் கெடுகிறதா, சாப்பிடுகிறாளா என்று பாருங்கள். “இதெல்லாம் நமக்கெதுக்கு, நாளைக்குக் கல்யாணப் பேச்சில் என்ன சொல்வது” என்ற கவலையும் கடிதத்தில் வரிக்கு வரி ஒளிந்திருக்கிறது. அதற்கு என்னிடம் மருந்தில்லை, சார்.

இனி படிப்பு. எல்சாட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி, மூன்று வருஷம் ஜே.டி. என்ற சட்டப் பட்டம், பிறகு வக்கீலாக உரிமம் தரும் பார் தேர்வு. ரட்கர்ஸ் சட்டக் கல்லூரி நியூவார்க்கிலும் கேம்டனிலும் இருக்கிறது. மாநிலவாசிக்குக் கட்டணம் குறைவு. 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு ஃபெடரல் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான். ஆகவே பெயருக்காகப் பெரிய கல்லூரி, மிச்சத்துக்குத் தனியார் கடன் என்ற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. பிராசிக்யூட்டர் சம்பளம் பெரிய லா ஃபர்ம் சம்பளத்தின் பக்கத்தில்கூட வராது. அரசு வேலையில் இருந்தபடி தகுதியான திட்டத்தில் 120 மாதத் தவணை கட்டினால் மீதி ஃபெடரல் கடன் தள்ளுபடியாகும் என்பதுதான் ஆறுதல். அரசு ஊழியர் மாநிலத்துக்குள் வசிக்க வேண்டும் என்று 2011-லேயே சட்டம் வந்துவிட்டதால், மகள் கலிஃபோர்னியா போய்விடுவாளோ என்ற கவலையும் மிச்சம்!

படிப்பு முடிந்ததும் நேராக பிராசிக்யூட்டர் ஆபீஸ் வேண்டாம். சுப்பீரியர் கோர்ட் நீதிபதி ஒருவரிடம் ஒரு வருஷம் லா கிளர்க்காக, அதாவது நீதிபதிக்குச் சட்ட ஆராய்ச்சியில் உதவுபவராக இருக்கட்டும். மேஜையின் இரண்டு பக்கத்தையும் அங்கே பார்ப்பாள். பப்ளிக் டிஃபெண்டர் (வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவருக்கு வாதாடும் அரசு வக்கீல்) பக்கம் மனசு சாய்ந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள், தடுக்கவும் செய்யாதீர்கள். வக்கீல் தொழிலே வேண்டாம் என்று தோன்றினாலும் நஷ்டமில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்கும் உதவியாளர், புரொபேஷன், மனநல மதிப்பீடு எல்லாம் இதே கட்டடத்தைச் சுற்றியுள்ள வேலைகள்தான்.

இன்டர்ன்ஷிப் கடிதத்துக்கு இந்த வாரமே சம்மதம் அனுப்பச் சொல்லுங்கள். பின்னணிச் சோதனைக்கு நேரம் எடுக்கும். அதற்கு முன்னால் ஒரு நாள் லீவு போட்டு, அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நியூ பிரன்ஸ்விக் கோர்ட்டில் காலை நேரத்தில் போய் உட்காருங்கள். பெரும்பாலான விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவைதான். செல்போனை மட்டும் அணைத்து வையுங்கள்.